கர்னல் மைக்ரோ நொடியை அளப்பது எப்படி?

கம்ப்யூட்டர் பூட் ஆகும் நேரத்தில், தான் ஓடும் பிராசசரின் வேகம் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குப் பல சமயம் தெரியாது. சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களோ "சாதனத்தின் இந்த ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு 5 மைக்ரோ நொடி பொறு" என்று கேட்கும். வேகம் தெரிந்த ஒரு கடிகாரத்தோடு பிராசசரை ஒத்துப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

பிசியில் அந்தக் கடிகாரம் பிஐடி என்னும் டைமர். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியிலிருந்தே தொடர்வது. நொடிக்கு 1193182 முறை எண்ணும். அதன் 2 என்ற எண்ணுள்ள சேனல் ஸ்பீக்கருக்கு உரியது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அந்த சேனலில் 11931 என்று ஏற்றினால் எண்ணி முடிக்கக் கிட்டத்தட்ட 10 மில்லி நொடி. தொடங்கும்போதும் முடியும்போதும் பிராசசருக்குள்ளேயே துடிப்புகளை எண்ணும் டிஎஸ்சி கவுன்ட்டரைப் படித்துக் கழித்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் 2 கோடியே 40 லட்சம் வரும்.

இதைக் கெடுப்பது எஸ்எம்ஐ. கர்னலுக்குச் சொல்லாமலே மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் நடுவில் பிராசசரைப் பிடுங்கிக்கொள்ளும் இன்டரப்ட், அதாவது குறுக்கீடு, அது; கர்னலால் தடுக்க முடியாது, கண்டுபிடிக்க மட்டுமே முடியும். அதனால் கர்னல், டைமர் முடிந்ததா என்று பார்க்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்கிறது. மிக நீண்ட சுற்று மிகக் குறுகியதைப்போல் 10 மடங்குக்கு மேல் போனால் அந்த அளவீடு குப்பைக்கு. ஹெச்பெட் என்னும் இன்னொரு டைமர் அல்லது 3.579545 மெகாஹெர்ட்ஸ் ஏசிபிஐ டைமரோடும் சரிபார்க்கிறது. எப்போதும் ஒரே வேகத்தில் எண்ணும் நிலையான டிஎஸ்சி உள்ள இன்றைய பிராசசர்களில் இந்த எண் டிஎஸ்சியின் வேகம் மட்டுமே. டர்போவில் ஏறியும் மின்சேமிப்பில் இறங்கியும் ஓடும் கோரின் வேகம் வேறு.

டிஎஸ்சியோ அதுபோன்ற டைமரோ இல்லாத இடத்தில், எதுவும் செய்யாமல் சுற்றும் வெற்று லூப்தான் கைகொடுக்கும். கர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பான ஜிஃபி மாறும் கணம்வரை காத்திருந்து, 4096 சுற்றில் தொடங்கி, ஒரு ஜிஃபியைத் தாண்டும்வரை கூட்டிக்கொண்டே போகும். தாண்டியதும் பின்வாங்கி, பிட் பிட்டாகச் சேர்த்துத் திருத்தும். ஜிஃபியின் நடுவில் தொடங்கினால் கணக்கே தப்பு. மெதுவான வேகத்தில் அளந்த பிராசசர் பிறகு வேகமெடுத்தால், 5 மைக்ரோ நொடி கேட்ட டிரைவருக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். சாதனம் பதில் தராமல் நிற்கலாம்.

பூட் செய்தியில் வரும் போகோமிப்ஸ் என்ற எண் இந்த லூப் கணக்கிலிருந்து பிறப்பது. 2.4 கிகாஹெர்ட்ஸ் டிஎஸ்சியில் அது 4800. ராஸ்பெரி பை 3-இல் 64 பிட் கர்னல் காட்டுவது 38.40, ஏனென்றால் அங்கே தாமதத்தை அளப்பது 19.2 மெகாஹெர்ட்ஸ் டைமர். இதை வைத்து இரண்டு கணினிகளை ஒப்பிடவே கூடாது.

டிரைவர் எழுதுவோருக்கு: 10 மைக்ரோ நொடிக்குள் என்றால் கர்னலின் யூடிலே ஃபங்ஷன், அது பிராசசரைச் சும்மா சுழலவிடும். 20 மில்லி நொடிவரை யூஸ்லீப் ரேஞ்ச், அதற்குமேல் எம்ஸ்லீப்; இவை இரண்டும் பிராசசரை விட்டுக்கொடுத்துத் தூங்கும். நொடிக்கு 100 ஜிஃபி ஓடும் கர்னலில் எம்ஸ்லீப்பிடம் 1 மில்லி நொடி கேட்டால் 20 வரை இழுக்கலாம். ஸ்பின்லாக் என்னும் பூட்டைப் பிடித்திருக்கும்போதும், இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஹேண்ட்லருக்குள்ளும் தூங்கவே முடியாது. அங்கே யூடிலே போலச் சுழன்று காத்திருப்பவை மட்டும்தான், அதையும் முடிந்தவரை சுருக்கமாக.