43 வயதில் மிருதங்கம்: கற்பனை மூளைக்குள் எப்படி வேலை செய்கிறது?

மிருதங்கம் வாசிக்க வேண்டும் என்பது எனக்குப் பத்து வயதில் வந்த ஆசை. கோயிலில் கச்சேரி கேட்டுவிட்டு வந்தால் சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் குடம், அண்ணன் முதுகு என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் தட்டிக்கொண்டிருப்பேன், அப்போது மேடையும் விளக்கும் கூட்டமும் கண்ணுக்கு அப்படியே தெரியும். அப்புறம் படிப்பு, வேலை, வீட்டுக் கடன். இப்போது 43 வயதில் அந்த ஆசை திரும்பி வந்திருக்கிறது, ஆனால் கண்ணை மூடினால் மேடை வருவதில்லை, நாளைக்கு அனுப்ப வேண்டிய மெயில்தான் வருகிறது. கற்பனை வற்றிவிட்டதா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வற்றவில்லை. இன்னும் வராத நாளைய பொழுதை மனதில் ஓட்டிப் பார்ப்பதும் அதே கற்பனைதான், வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள 2007-ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு உதவுகிறது. மூளையின் உள்ளே ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு, புதிய நினைவுகள் பதிவதற்கு அது வேண்டும். அது பழுதாகி நினைவிழந்த ஐந்து பேரிடம் மூளை ஆய்வாளர்கள் டெமிஸ் ஹசாபிஸும் எலினோர் மக்வையரும் வேறொன்றைக் கேட்டார்கள்: வெண்மணல் கடற்கரையில் நீங்கள் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள், என்ன தெரிகிறது? ஒருவரைத் தவிர மற்றவர்களால் முழுக் காட்சியைக் கட்ட முடியவில்லை. துண்டு துண்டாக ஏதோ வந்தது, ஒன்றோடொன்று சேரவில்லை. (பின்னாளில் டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 2024-ல் வேதியியல் நோபல் வாங்கிய அதே ஹசாபிஸ்தான்.) நேற்றை நினைவுகூரவும் நாளையைக் கற்பனை செய்யவும் மூளை பெரும்பாலும் ஒரே பட்டறையைத்தான் பயன்படுத்துகிறது. பழைய நினைவுகளை உடைத்து, அந்தத் துண்டுகளை வைத்துப் புதுக் காட்சி கட்டுகிறது.

அப்படியானால் நாற்பது வயதுக்காரரிடம் பத்து வயதுப் பிள்ளையைவிடச் சரக்கு அதிகம் இருக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது.

சரி, பிறகு ஏன் கஷ்டமாக இருக்கிறது? ஒரு காரணம், பொருள்களின் பயன் நம் மனதில் இறுகிப்போவது. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் குழந்தைகளுக்குச் சில பொருள்களைக் கொடுத்து, உயரத்தில் இருக்கும் அலமாரித் தட்டை எட்டுவதற்கு வழி செய்யச் சொன்னார்கள். பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் மற்றதை அடுக்கினால் எட்டிவிடும். ஆனால் பெட்டிக்குள் சாமான் போட்டுக் கொடுத்தால் ஆறு, ஏழு வயதுக்காரர்களுக்கு அது ‘சாமான் வைக்கும் பெட்டி’ ஆகிவிடுகிறது, வழி தெரிய நேரம் பிடிக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அந்தத் தடையே இல்லை. ஏழு வயதிலேயே இப்படி என்றால், இருபது வருடம் அலுவலகம் போய் வந்தவர்கள் தம்மையே ஒரு பெட்டியாகப் பார்ப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொன்று, சும்மா இருக்கும் நேரம். வெளி வேலை எதுவும் இல்லாதபோது மூளையில் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாகின்றன என்று 2001-ல் மூளை ஆய்வாளர் மார்கஸ் ரைக்கிலின் குழு எழுதியது. இந்தப் பகுதிகளின் கூட்டத்தைத்தான் டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்கிறார்கள், எதிர்காலத்தை மனதில் ஓட்டிப் பார்க்கும்போதும் இதுவே இயங்குகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும் இருபது நிமிடத்தையும் போனுக்குக் கொடுத்துவிட்டால் அதற்கு இடமே இல்லை என்பது என் எண்ணம்.

கற்பனை கைக்கு இறங்குமா? இறங்கும். 1995-ல் அல்வாரோ பாஸ்குவல்-லியோனும் உடன் ஆய்வாளர்களும் பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழு தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள் வாசித்தது. இன்னொரு குழு பியானோ முன் உட்கார்ந்து, விரலை அசைக்காமல், வாசிப்பதாகக் கற்பனை மட்டும் செய்தது. விரல்களை இயக்கும் மூளைப் பகுதியின் வரைபடம் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி விரிந்தது! வாசிப்பில் கற்பனைக் குழு கொஞ்சம் பின்தங்கியிருந்தது, ஆனால் ஒரே ஒரு முறை உட்கார்ந்து நிஜமாகப் பயிற்சி செய்ததும் எட்டிப் பிடித்தது. முதலில் வாயால் சொல்லு, பிறகு கை வை என்று மிருதங்க ஆசிரியர்கள் சொற்கட்டு (மிருதங்க அடிகளுக்கான வாய் ஒலிகள்) சொல்ல வைப்பது இப்போது எனக்கு வேறு மாதிரி புரிகிறது.

ஆனால் எதைக் கற்பனை செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். உளவியலாளர் காப்ரியேல் எட்டிங்கன் 1991-ல் எடை குறைக்க வந்த பெண்களிடம் பார்த்தது இது: மெலிந்த பிறகு வரும் இனிமையை மட்டும் கனவு கண்டவர்கள் குறைவாகவே இளைத்தார்கள். பின்னர் செய்த சோதனைகளில், இப்படிப்பட்ட இனிய கனவுக்குப் பிறகு உடலின் உந்துதலே இறங்குவதை ரத்த அழுத்தத்தில் பார்த்தார்கள். கிடைத்துவிட்டதைப் போல உடம்பு தளர்ந்துவிடுகிறது. அதனால் அவர் சொல்லும் வழி, ஆசையைக் கற்பனை செய்த கையோடு, குறுக்கே நிற்கும் தடையையும் அதே தெளிவோடு கற்பனை செய்வது. தடை இன்னதென்று தெரிந்ததும், அது வந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே ஒரு வரி முடிவு.

என் தடை, இரவு சாப்பிட்டதும் சோபாவில் சாய்வது. அதனால் மிருதங்கத்தைச் சோபாவிலேயே வைத்திருக்கிறேன், உட்கார வேண்டுமென்றால் அதை எடுத்து மடியில் வைக்க வேண்டும். பஸ்ஸில் கண்ணை மூடி ‘தா தீ தொம் நம்’ ஓட்டுகிறேன். மேடையைப் பார்ப்பதில்லை, மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க ஆள்காட்டி விரல் ஓரத்தில் விழும் அந்த ஒரு ‘நம்’மை மட்டும், விரல் நுனியில் உணர முயல்கிறேன். மூன்று வாரமாக அது மந்தமாகத்தான் கேட்டது. நேற்று இரவு இரண்டு தடவை கணீரென்று விழுந்தது.