நீல மாத்திரை செய்த வேலை

ஷெர்லி பாபஷாஃப் என்ற அமெரிக்க நீச்சல் வீராங்கனையை அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே சிடுமூஞ்சி என்று எழுதின. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் 13 நீச்சல் போட்டிகளில் 11 தங்கம் வென்றார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்கு முறை வெள்ளியோடு நின்ற ஷெர்லி, அந்த அகன்ற தோள்களையும் கட்டைக் குரலையும் சுட்டிக்காட்டிச் சந்தேகத்தை வெளிப்படையாகச் சொன்னார். விளையாட்டு உணர்வு இல்லாதவர், தோல்வியைத் தாங்கத் தெரியாதவர் என்ற பழிதான் மிஞ்சியது. நீந்தத்தான் வந்தோம், பாட வரவில்லை என்று கிழக்கு ஜெர்மனித் தரப்பு பதில் சொன்னதாக அன்று செய்தி வந்தது.

அந்தக் குரல்தான் தடயம். அதை மாற்றியது ஓரல்-டூரினபோல் என்ற ஊக்கமருந்து, ஒரு சிறு நீல மாத்திரை. கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த அரசு மருந்து நிறுவனமான யேனாஃபார்ம் தயாரித்தது. 1974-இல் '14.25' என்ற எண்ணிட்ட இரகசிய அரசுத் திட்டத்தின்கீழ் அதன் விநியோகம் முறைப்படுத்தப்பட்டது. விளையாட்டுப் பள்ளிகளில் படித்த சிறுமிகளுக்கு வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். திட்டத்தில் சிக்கியவர்கள் சுமார் பத்தாயிரம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை மாற்றியமைத்துச் செய்த மருந்து இது. டெஸ்டோஸ்டிரோனை அப்படியே விழுங்கினால் பெரிதாகப் பயன் இராது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போனதும் அதன் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். எனவே வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறில் மெத்தில் என்ற சிறு அணுத்தொகுதியை ஒட்டினார்கள். கல்லீரலால் அதை எளிதில் உடைக்க முடியவில்லை. இன்னோர் இடத்தில் ஒரு குளோரின் அணுவைச் சேர்த்தார்கள். உடலால் அதைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்ற முடியவில்லை. உடைக்க முடியாத பொருளோடு நாள்தோறும் போராடிய கல்லீரல் பழுதானது பலருக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

இரத்தத்தில் கலந்த மருந்து தசைச் செல்லுக்குள் நுழைந்து, ஆண் ஹார்மோனுக்கென்றே உள்ள ஏற்பிப் புரதத்தோடு இணைகிறது. இணைந்த இரண்டும் செல்லின் உட்கருவுக்குள் போய்க் குறிப்பிட்ட மரபணுக்களைத் தூண்டுகின்றன. தசைப் புரதம் கூடுதலாக உருவாகிறது. தசை இழைகளை ஒட்டிக் கிடக்கும் துணைச் செல்கள் இழையோடு கலந்து அதற்குப் புதிய உட்கருக்களைத் தருகின்றன. எலிகளில் நடந்த ஆய்வுகளில், மருந்தை நிறுத்தித் தசை சுருங்கிய பின்னும் அந்தக் கூடுதல் உட்கருக்கள் நிலைத்திருந்தன. மறுபடி வேலை கொடுத்ததும் தசை வேகமாகப் பெருத்தது. மனிதர்களிலும் இப்படித்தான் என்றால், ஊக்கமருந்துக்கான தடைக்காலம் முடிந்து திரும்பும் வீரர் பழைய லாபத்தில் ஒரு பகுதியைக் கையோடு கொண்டுவருகிறார் என்று பொருள்.

பெண்களைக் குறிவைத்ததற்குக் காரணம் உண்டு. பெண்ணின் இரத்தத்தில் இயல்பாக உள்ள டெஸ்டோஸ்டிரோன் ஆணுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில் சிறிது சேர்த்தாலும் விளைவு பெரிது. அதே ஏற்பிகள் தசையில் மட்டும் இல்லை என்பதுதான் கொடுமை. குரல்வளையிலும், தோலிலும், மயிர்க்கால்களிலும், பிறப்புறுப்பிலும் அவை இருக்கின்றன. மருந்துக்கு இடம் பார்க்கத் தெரியாது. குரல் நாண்கள் தடிக்கின்றன, குரல் இறங்குகிறது. மாத்திரையை நிறுத்தினால் தசை இளைக்கும். இறங்கிய குரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

உடலின் சொந்த உற்பத்தியும் கெடுகிறது. மேல்நிலைத் தொட்டி நிறைந்தால் மிதவை எழும்பிக் குழாயை அடைத்துவிடும் அல்லவா? இரத்தத்தில் ஆண் ஹார்மோன் மிகுந்திருப்பதை உணர்ந்ததும் மூளையும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அதுபோலவே சூலகத்துக்கும் விந்தகத்துக்கும் அனுப்பும் கட்டளைகளைக் குறைத்துவிடுகின்றன. மாதவிடாய் தவறுகிறது, பையன்களுக்கு விந்தகம் சுருங்குகிறது. டெஸ்டோஸ்டிரோனையே ஊசியாகப் போட்டுக்கொள்ளும் வளரிளம் பையனுக்கு இன்னோர் இழப்பும் உண்டு. அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நீண்ட எலும்புகளின் முனையருகே உயரத்தைக் கூட்டும் குருத்தெலும்புப் பட்டையை அந்த ஈஸ்ட்ரோஜன் சீக்கிரமே இறுக வைத்துவிடுகிறது. அதன்பின் அவன் வளர மாட்டான். உடம்பு பெரிதாக வேண்டும் என்று ஊசி போட்ட பிள்ளை குட்டையாகவே நின்றுவிடுகிறான். வளர்ந்தவர்களுக்கு இல்லாத இந்த ஆபத்தைப் பற்றி உடற்பயிற்சிக் கூடங்களில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரும் கவலை.

சோதனை இருந்தும் ஏன் பிடிபடவில்லை? 1977-இல் ஹெல்சிங்கியில் குண்டு எறிதல் வீராங்கனை இலோனா ஸ்லுபியானெக் சிக்கினார். அதன்பின் கிழக்கு ஜெர்மனி தன் வீரர்களின் சிறுநீரைக் கிரைஷா ஆய்வகத்தில் தானே முன்கூட்டிச் சோதித்து, தடயம் இல்லாதவர்களை மட்டுமே வெளிநாட்டுக்கு அனுப்பியது. போட்டிக்குச் சில நாள் முன்பே மாத்திரையை நிறுத்துவார்கள். அன்றைய கருவிகள் அந்தச் சில நாட்களைத் தாண்டிப் பார்க்க முடியாதவை. டூரினபோல் சிதைந்து நீண்ட நாள் தங்கும் எச்சங்களைக் கண்டறியும் முறை 2010-களில்தான் கைக்கு வந்தது. சேமித்து வைத்திருந்த 2008, 2012 ஒலிம்பிக் மாதிரிகளை அந்த முறையில் மறுபடி சோதித்தபோது அதே பழைய மருந்தோடு பலர் பிடிபட்டு, பதக்கங்களைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

1986-இல் பெண்கள் குண்டு எறிதலில் ஐரோப்பியப் பட்டம் வென்ற ஹைடி க்ரீகருக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கியபோது வயது 16. இன்று அவர் ஆணாக வாழும் ஆந்திரேயாஸ் க்ரீகர். சிறு வயதிலேயே தன் பாலினம் குறித்த குழப்பம் இருந்தது என்றும், ஆனால் அதைத் தானே கண்டறிந்து முடிவெடுக்கும் உரிமையை அந்த மாத்திரைகள் பறித்துவிட்டன என்றும் அவர் சொல்லியிருக்கிறார். கிழக்கு ஜெர்மனியின் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மன்ஃபிரெட் ஏவால்டும் மருத்துவர் மன்ஃபிரெட் ஹோப்னரும் 2000-இல் பெர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டார்கள். ஏவால்டுக்கு 22 மாதம், ஹோப்னருக்கு 18 மாதம். இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. இருவரும் ஒரு நாள்கூட அதற்காகச் சிறையில் இருக்கவில்லை.

சிறுமி ஒருத்தி ஊக்கமருந்தில் சிக்கினால் அவளை ஏமாற்றுக்காரி என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. இன்றைய உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளும் அங்கேதான் வந்து நிற்கின்றன: சிக்கியவர் 16 வயது நிரம்பாதவரானால், அவருடைய பயிற்சியாளர் உள்ளிட்ட உடனிருப்போர் மீது யாரும் புகார் தராமலே விசாரணை தொடங்க வேண்டும்.