23 டிகிரியில் பல் ஏன் கிட்டுகிறது?

காட்டில் ஒரு ராத்திரி தனியாகக் கூடாரம் போட்டுப் படுக்கப் போகிறேன், கம்பளி வேண்டுமா என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். காத்தாடியை முழு வேகத்தில் வைத்தும் வியர்க்கிற ஊர் இது. யானை வருமா, புலி வருமா, பேய் பிசாசு இருக்குமா என்று ஆளாளுக்குக் கேட்பார்களே தவிர, குளிரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் இதே வட்டாரத்து லாசா ஊர்ப் பக்கத்து மலையடிவாரங்களில் முதல் தடவை தனியாகத் தங்கிவிட்டு வருகிறவர்களிடம் கேட்டால், நாலு மணிக்கு மேல் கண்ணே மூடவில்லை, அப்படி ஒரு குளிர் என்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டின பாட்டிமாருக்கு இது புது விஷயம் இல்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போனவர்கள் சட்டைக்கு மேல் சட்டை போட்டு, தலையில் துண்டும் கட்டிக்கொண்டுதான் போனார்கள். (அந்த நேரத்தில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. விடியலில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும்.)

அந்த நேரத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்தால் 22, 23 டிகிரிதான் காட்டும். ஆபீஸ் ஏர்கோனில் அதே அளவில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறோம், காட்டில் மட்டும் ஏன் நடுக்கம்?

முதலில் நம் உடம்பின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். உள்ளே 37 டிகிரி, தோலில் 33 டிகிரி பக்கம். தூங்குகிற பெரியவர் ஒருவரின் உடம்பு சுமார் 80 வாட் வெப்பம் தருகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. துணி இல்லாமல் சும்மா படுத்திருக்கிற மனிதனுக்கு, சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய 28 டிகிரிக்குக் கீழே போனாலே செலவு வரவை மிஞ்ச ஆரம்பித்துவிடும். ஆக 23 டிகிரி என்பது வெறும் உடம்புக்குக் குளிர்தான். வீட்டில் மெத்தை, போர்வை, நாலு சுவர் எல்லாம் சேர்ந்து அதைத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. நண்பர்களோடு போனால் ஒரே கூடாரத்துக்குள் மூன்று நாலு பல்பு எரியும், தனியாகப் போனால் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றில் பெரும்பங்கைத் தின்பது தரை. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகுக்குக் கீழே இருப்பது உடம்பின் பாரத்தில் நசுங்கிப் போகிறது. போர்வை சூடு தருவதில்லை, அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நசுங்கினால் காற்று வெளியேறிவிடும், அப்புறம் வெறும் துணிதான். தண்ணீர் வெப்பத்தைக் கடத்துவது அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகம், நனைந்த மண் அதைவிடவும் வேகம். மழைக்காட்டு மண் என்றைக்குக் காய்ந்திருக்கிறது? அதுவும் 24, 25 டிகிரியில் இருக்கிற ஒரு முழு மலை நீங்கள் கொடுக்கிற சூட்டை ராத்திரி முழுக்க வாங்கிக்கொண்டே இருக்கும், போதும் என்று சொல்லாது. ஆகவே முதல் காசைப் போர்வையில் போடாமல், மூடிய குமிழிகள் உள்ள ஃபோம் பாயில் போடுங்கள். காற்றடிக்கிற பெரிய மெத்தை பார்க்கச் சொகுசாக இருக்கும், ஆனால் உள்ளே காற்று சுழன்று மேல்பக்கச் சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிடும். அட்டைக்குப் பயந்து மரத்தில் வலைத்தொட்டில் கட்டித் தூங்குகிறவர்களும் தப்ப முடியாது: தரையின் இடத்தை அடியில் வீசுகிற காற்று பிடித்துக்கொள்ளும். அதற்குள்ளும் அதே ஃபோம் பாயை விரிக்க வேண்டியதுதான்.

அடுத்தது ஈரச் சட்டை. இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இருக்கிறது.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினவர் தொப்பலாக நனைந்திருப்பார். அந்தப் பருத்திச் சட்டையில் 200 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், பிழிந்தால் ஒரு டம்ளர் அளவு வரும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும், அப்படியானால் சட்டை முழுக்கக் காய 4,80,000 ஜூல். 80 வாட் தருகிற உடம்பு, வேறு எதற்கும் செலவழிக்காமல் இதற்கே எல்லாவற்றையும் கொடுத்தாலும் 6,000 வினாடி, அதாவது 1 மணி 40 நிமிடம் ஆகும்.

ராத்திரிக் காட்டில் காற்றே ஈரத்தால் நிரம்பி வழிகிறது, கயிற்றில் போட்ட துணி காலையில் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும், அப்படியிருக்க உடம்பில் இருக்கிற சட்டை மட்டும் எப்படிக் காயும் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். விடை தோலை ஒட்டிய மெல்லிய காற்றில் இருக்கிறது. 22 டிகிரியில் ஈரம் முழுதாக நிரம்பிய காற்றையே 33 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் பாதிக்கு வந்துவிடும், சூடான காற்றுக்குக் கொள்ளளவு அதிகம் என்பதால். அதாவது வெளியே 100 விழுக்காடு என்றாலும் உங்கள் தோலுக்குப் பக்கத்தில் சுமார் 50 விழுக்காடுதான். கயிற்றில் காயாத துணி உடம்பில் காய்கிறது. அதற்கான அடுப்பு நீங்கள், விறகும் நீங்கள். இருட்டுவதற்கு முன்னால் உள்ளாடை வரைக்கும் மாற்றி, காய்ந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு படுப்பது சொகுசுக்காக இல்லை. அந்த உடுப்பை பிளாஸ்டிக் பையில் கட்டி மூட்டைக்கு நடுவில் வையுங்கள், அதைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்காதீர்கள்.

சரி, ஏன் சொல்லி வைத்தாற்போல் நாலு மணிக்கு விழிப்பு வருகிறது? மூன்று காரியம் ஒன்றாகச் சேர்கிறது. விடிவதற்குச் சற்று முன்புதான் காற்று மிகவும் குளிரும். உடம்பின் உள்வெப்பமும் அதன் சொந்தக் கடிகாரப்படி அந்த வாக்கில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்புறம் கனவுத் தூக்கம். அது விடியலை ஒட்டி அதிகமாக வரும், அப்போது மூளை உடம்பின் வெப்பத்தைக் கவனிப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, நடுக்கம்கூட அடங்கியிருக்கும். கனவு முடிந்து திரும்பி வந்து பார்த்தால் கணக்கில் துண்டு விழுந்திருக்கிறது, உடனே எழுப்பிவிடுகிறது.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு தொல்லை. எங்கோ ஒரு கிளை முறியும், கூடாரத்துக்குப் பக்கத்தில் எதுவோ சருகை மிதிக்கும் (பெரும்பாலும் எலியாகத்தான் இருக்கும், ஆனால் இருட்டில் எலியின் எடை கூடிவிடும்). பயத்தில் கை கால் தோலுக்குப் போகிற ரத்தக்குழாய்கள் சுருங்கும், பாதம் சில்லிடும். தூக்கம் வர வேண்டுமென்றால் இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும்: கை பாதங்களின் குழாய்கள் விரிந்து உள்வெப்பத்தை வெளியே விட வேண்டும். பாதம் வெதுவெதுப்பாக இருப்பவர்கள் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பயத்தைப் போக்க எனக்கு வழி தெரியாது, காய்ந்த காலுறை ஒரு ஜோடி எடுத்துப் போகலாம்.

குளிருக்குக் கொஞ்சம் 'தண்ணி' போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். சம்சுவோ பீரோ, சாராயம் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும், முகம் சூடேறும், சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சூடு உள்ளே இருந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மாமாவுக்கு மைலோவைக் கலக்கிக் கொடுங்கள்.

இடம் பார்க்கிறபோது ஆற்றோரம்தான் ஆசை காட்டும். இருட்டினதும் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் போகிற வழியிலேயே கீழே வழிந்து பள்ளத்தில் தேங்கும், அதனால் ஓடைக்கரை கொஞ்சம் மேட்டைவிடக் குளிரும். அதைவிட முக்கியம், மேலே மலையில் பெய்கிற மழை உங்களுக்குக் கேட்காது. 'கெப்பாலா ஆயர்', அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து வருகிற வெள்ளம், வந்தால் கூடாரத்தோடு அள்ளிக்கொண்டு போகும். கரையைவிட்டு மேட்டில் படுங்கள். திறந்த வெட்டவெளியும் வேண்டாம். மேகமில்லாத வானத்துக்குக் கூடாரத் துணி தன் சூட்டைக் கதிராக வீசி, காற்றைவிடக் குளிர்ந்துபோகும், வெளியே பனி கோக்கும், உள்பக்கம் உங்கள் மூச்சின் ஈரமே துளித்துளியாகி முகத்தில் சொட்டும். மரக்கூரைக்குக் கீழே இது குறைவு. காற்றுப் போக்கு ஜன்னலை மூடாமல் விட்டால் இன்னும் குறைவு.

இதெல்லாம் அடிவாரத்துக் கணக்கு. உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 6 டிகிரி குறையும், கோர்பு மலையின் உச்சி 2,183 மீட்டர். அங்கே நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் உள்வெப்பம் 35-க்குக் கீழே போகிற ஆபத்து உண்மையிலேயே உண்டு, முதல் தனி ராத்திரிக்கு அது வேண்டாம்.

காலையில் ஒரு சங்கடமான வேலை பாக்கி இருக்கும்: காய்ந்த உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, நேற்றைய ஈரச் சட்டையையே திரும்பவும் மாட்ட வேண்டும். முதுகு சிலிர்க்கும். ஆனால் மூட்டையோடு நடக்க ஆரம்பித்தால் உடம்பு 300, 400 வாட் தரும், அந்த டம்ளர் தண்ணீரை ஓட்டிவிடுவது அதற்குப் பெரிய காரியமில்லை.