நம்பர் பிளேட்: பதிவெண் தகடு

பிரிட்டிஷ் வழக்கில் நம்பர் பிளேட். அமெரிக்க வழக்கில் லைசென்ஸ் பிளேட். 'பிளேட்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அகன்ற, தட்டையான என்று பொருள்படும் 'பிளாட்டிஸ்' என்ற கிரேக்கச் சொல் அதன் வேர். 'லைசென்ஸ்' லத்தீன் வழிச் சொல், பொருள், அனுமதி.

அமெரிக்கச் சொல்லை அப்படியே பெயர்த்துச் சிலர் 'உரிமத் தகடு' என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம். தமிழில் உரிமம் என்றதும் ஓட்டுநர் உரிமம்தான் நினைவுக்கு வரும். உரிமம் ஆளுக்கு, பதிவு வண்டிக்கு. அதனால் 'பதிவெண் தகடு' என்பதே சரி. 'எண் பலகை' என்றும் நிறையப் பேர் எழுதுகிறார்கள், தவறில்லை. ஆனாலும் மெல்லிய உலோகப் பரப்பைச் சொல்லத் தகடுதான் நம் சொல்.

முதல் தகடுகளில் எண்ணோடு பெயரும் இருந்தது. 1893 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸ் காவல்துறை போட்ட ஆணைப்படி, உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி எண் மூன்றையும் ஓர் உலோகத் தகட்டில் எழுதி வண்டியின் இடப்பக்கம் மாட்ட வேண்டும். எப்போதும் அதை மறைக்கக் கூடாது. நாடு முழுவதற்குமாக இந்த முறையை முதலில் கொண்டுவந்தது நெதர்லாந்து, 1898இல். 1901இல் நியூயார்க் மாநிலம் தகட்டைச் செய்துகொள்ளும் வேலையை உரிமையாளரிடமே விட்டது. தோலிலும் மரத்திலும் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து மாட்டிக்கொண்டார்கள்.

1903இல் மாசசூசெட்ஸ் தானே தகடு வழங்கத் தொடங்கியது. இரும்பின் மேல் பீங்கான் பூச்சு, கருநீலப் பின்னணியில் வெள்ளை எண். அதன் தலைப்பில் இருந்த வாசகம் 'மாஸ். ஆட்டோமொபைல் ரெஜிஸ்டர்', அதாவது வாகனப் பதிவேடு. லைசென்ஸ் என்ற பேச்சே அதில் இல்லை!

சேகரிப்பவர்கள் இத்தகைய பீங்கான் தகட்டைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது திருகாணித் துளைகளைத்தான். முடுக்கும்போது பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்வது அங்கேதான். அப்புறம் துரு அந்த வழியாகவே உள்ளே இறங்கும். ஒரே மாநிலத்தின் தகடுகளை ஆண்டு விடாமல் வரிசையாகச் சேர்ப்பதை அவர்கள் 'ரன்' என்கிறார்கள். 'ஆண்டு வரிசை' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் 1954 முதல் இவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது.

இல்லினாய் வரிசையைப் பிடிப்பவர்களுக்குக் கடினமான இடம் 1943இல் வருகிறது. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் அந்த மாநிலம் சில ஆண்டுகள் சோயா கலந்த நார் அட்டையில் தகடு போட்டது. தீனி வாசனைக்கு ஆடுமாடுகள் அவற்றைக் கடித்துத் தின்றன. ஓரம் கடிபடாமல் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் அதை விடவே மாட்டார்கள்.