பழைய ஏர் பிஸ்டலுக்குத் தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள்

போன வாரமும் ஒன்று வந்தது. பர்மிங்காமில் 1924 முதல் தயாரான வெப்லி மார்க் 1 ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி. ஏலத்தில் எடுத்தவர் அதை பஃபிங் வீலில் கண்ணாடி மாதிரி தேய்த்து, புதிதாக ப்ளூயிங்கும் (இரும்பைக் கறுப்பாக்கும் பூச்சு) ஏற்றி, "இப்போ எவ்வளவு போகும்?" என்று என் மேசையில் வைத்தார். வாங்கிய காசுகூடத் தேறாது என்றேன். கோபம் என் மேல்!

இங்கிலாந்தில் பழைய ஏர் பிஸ்டல்களைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்: விவரம் தெரிந்தவர்கள் பளபளப்புக்குக் காசு கொடுப்பதில்லை. முத்திரை எழுத்து கூர்மையாக இருக்கிறதா, விளிம்பு மழுங்காமல் இருக்கிறதா, திருகுகளின் தலை சிதையாமல் இருக்கிறதா, பழைய பூச்சில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பஃபிங் வீல் துருவை மட்டும் எடுப்பதில்லை, இரும்பையும் சேர்த்தே எடுக்கிறது. எழுத்து பாதி அழிந்து, திருகுத் துளையைச் சுற்றிப் பள்ளம் விழுந்தபின் மேலே எவ்வளவு கறுப்பு ஏற்றினாலும் போனது போனதுதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். மேல்துரு இருந்தால் எண்ணெய் தொட்ட துணி போதும். அதற்கு மேல் என்றால், செய்வதற்கு முன்னால் யாரிடமாவது காட்டுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம், ஏலத்துக்கு முந்தின பார்வை நாளில் ஆளாளுக்கு ஸ்பிரிங்கை ஏற்றி வெறுமனே சுட்டுப் பார்ப்பது. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) இல்லாமல் சுட்டால் பிஸ்டன் போய் மோதும், பழைய வாஷர் கிழியும். செய்யாதீர்கள். பிஸ்டலோடு அதன் அட்டைப்பெட்டியும் வந்தால், கிழிந்ததானாலும் தூக்கிப்போடாதீர்கள்.

ஜேம்ஸ் பாண்ட் விளம்பரப் புகைப்படத்தில் ஷான் கானரி பிடித்திருந்த வால்தர் எல்பி 53, 2010இல் கிறிஸ்டீஸில் 2,77,250 பவுண்டுக்குப் போனது. பாண்டின் வழக்கமான துப்பாக்கியான வால்தர் பிபிகேயைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள் என்று புகைப்படக்காரர் எடுத்துக் கொடுத்த தன்னுடைய சொந்த ஏர் பிஸ்டல் அது. விலை அந்தப் புகைப்படத்தின் புகழுக்கு. உங்கள் எல்பி 53க்கும் அந்த விலை வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சட்டம்? பழசு, பொம்மை மாதிரிதானே என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஆறு அடி-பவுண்டு (குண்டு வெளியேறும் வேகத்தின் சக்தியை அளக்கும் அலகு) சக்தியைத் தாண்டிய ஏர் பிஸ்டல் இங்கே தடைசெய்யப்பட்ட ஆயுதம். காற்றைத் தோட்டாவுக்குள்ளேயே அடைத்து வைக்கும் ப்ரோகாக் வகையும் 2004 முதல் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து சான்றிதழ் வேண்டும். வியாபாரிகள் நேரில்தான் கையளிக்க வேண்டும், பணம் கட்டிவிட்டு "கூரியரில் அனுப்புங்க" என்று ஏலக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.