ரவுட்டர் விட்டுவைக்கும் மூலை

சுழலும் எதுவும் வட்டமாகத்தான் வெட்டும். கதவுச் சட்டத்தில் கீல் உட்கார, ரவுட்டர் என்னும் மரம் குடையும் இயந்திரத்தில் 6 மில்லிமீட்டர் பிட் (சுழலும் வெட்டுமுனை) மாட்டி ஒரு பள்ளம் எடுத்தால், உள்மூலைகளில் 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைவு மிஞ்சி நிற்கும். கீலின் மூலையோ சதுரம். அந்த வளைவை எடுக்க, பட்டறை நிறைய இயந்திரம் வைத்திருப்பவரும் உளியைத் தேடித்தான் ஆக வேண்டும். சதுரத் துளை போடவென்றே இயந்திரம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் சுழலும் துளைப்பான், அதைச் சுற்றி நான்கு பக்கமும் கூர் வைத்த சதுரக் குழாய். துளைப்பான் நடுவில் மரத்தை அள்ளி வெளியேற்ற, மூலையை அந்தக் குழாய்தான் அழுத்தி வெட்டுகிறது. அதாவது இயந்திரத்துக்குள்ளேயே ஓர் உளி.

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் பலகையை இழைக்கும் பிளேனரும் வட்ட ரம்பமும் இன்று சாதாரணம். அதில் தப்பில்லை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கை வெட்டிக் கொண்டுவந்து, இருபது பலகையையும் கையாலேயே இழைப்பேன் என்பது வெறும் வீம்பு. ஆனால் இயந்திரம் எப்படிப்பட்ட முகத்தை விட்டுப் போகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளேனர் உருளையில் இரண்டு கத்தி, நிமிடத்துக்கு 5,000 சுற்று, பலகை நிமிடத்துக்கு 8 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10,000 வெட்டு விழுகிறது. 8,000 மில்லிமீட்டரை 10,000-ஆல் வகுத்தால், 0.8 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் ஒரு குட்டி வில். நாம் வழவழப்பு என்று தடவிப் பார்ப்பது உண்மையில் நெருக்கமான அலைகளின் வரிசை. சாய்ந்த வெளிச்சத்தில் அது தெரியும், பாலிஷ் போட்ட பிறகு இன்னும் நன்றாகத் தெரியும்.

கத்தி மழுங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நாரை அறுப்பதற்குப் பதில் அடித்து நசுக்கும். நசுங்கிய நார் ஈரம் பட்டதும் மறுபடி எழும்பும். மலையில் ஈரத்துக்கா பஞ்சம்!

அந்த அலையைப் போக்க உப்புத்தாள் போடுவோம். அப்போது கிளம்பும் தூசு வேறு கதை. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியான முதல் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது, உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. குளிருக்கும் மூடுபனிக்கும் பயந்து கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கும் மலைப் பட்டறைகளில் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். இழைப்புளியிலிருந்தும் உளியிலிருந்தும் விழுவது பெரும்பாலும் சுருளும் சிம்பும்தான், மூக்குக்குள் போகாது.

சரி, உளி என்ன செய்கிறது? மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய மெல்லிய குழாய்களின் கட்டு. குழாயின் சுவர் செல்லுலோஸ், அவற்றை ஒட்டிப் பிடிக்கும் பசை லிக்னின். நார் ஓடும் திசையில் மரத்தைப் பிளப்பது சுலபம், நாரைக் குறுக்கே அறுப்பது கடினம். அறுப்பதற்குத் தேவை அழுத்தம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. முனையின் தடிமன் 1 மைக்ரானிலிருந்து 20 மைக்ரானுக்கு மழுங்கினால், அதே கைவிசைக்கு அழுத்தம் இருபதில் ஒரு பங்காகிவிடும். அப்போது நார் அறுபடாமல் வளைந்து, கிழிந்து போகும். இது மென்மரத்தில்தான் அதிகம் தெரியும். வைரம் பாய்ந்த ஈட்டி மரம் மழுங்கிய உளியைக்கூட எதிர்த்து நிற்கும், ஆனால் சைப்ரஸ் கட்டையின் வெட்டுமுகத்தில் அதே உளியை வைத்தால் நார் பொடிப்பொடியாகப் பிடுங்கிக்கொண்டு வரும். மென்மரத்துக்குத்தான் அதிகக் கூர் வேண்டும் என்பது கேட்கத் தலைகீழாக இருக்கும், காரணம் இதுதான்.

அடுத்தது ஆப்பு வேலை. உளியின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. கொட்டாப்புளியால் அடிக்கும்போது சரிவான பக்கம் மரத்தைத் தள்ளுகிறது, மரம் திருப்பி உளியைத் தள்ளுகிறது. அதனால் உளி நேராக இறங்காமல் தட்டைப் பக்கமாக நகரும். பென்சில் கோட்டின் மேலேயே உளியை வைத்து ஓங்கி அடித்தால், துளை கோட்டைத் தாண்டிப் பெரிதாகிவிடும், அதில் செருகும் மர நாக்கான கழுந்து ஆடும். ஆகவே முதலில் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே வைத்து வெட்டி, நடுவில் உள்ள மரத்தைச் சிம்பு சிம்பாக எடுத்துவிட வேண்டும். கடைசியில் கோட்டில் வைத்துக் கையாலேயே அழுத்தினால் போதும். எதிரே இருப்பது மெல்லிய சுவர், சிம்பு விலகிப் போகவும் வழி இருக்கிறது. தள்ளும் விசை குறைவு, உளி நின்ற இடத்திலேயே இறங்கும்.

இந்த வேலையைத் தாங்கும் முனை எப்படிக் கிடைக்கிறது? நீலகிரியில் இரும்பு வேலையும் தச்சு வேலையும் கோத்தர் என்னும் பழங்குடியினரின் பரம்பரைக் கைத்தொழில். படகர்களுக்கும் தோடர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கருவிகள் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். உலையடியில் கண்ணால் பார்த்துப் பிடித்த பதத்தைத்தான் இன்று ஆலைகளில் வெப்பமானி வைத்துப் பிடிக்கிறார்கள்.

உளிக்கான எஃகில் கார்பன் சுமார் 0.6 முதல் 1.2 சதவீதம் இருக்கும். ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சினால் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் அதற்குள் கரைந்துவிடும். மெல்ல ஆறவிட்டால் கார்பன் பிரிந்து வெளியே வந்துவிடும், எஃகு மென்மையாகிவிடும். எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று முக்கினால் வெளியேற அவகாசம் இல்லை. இடையில் மாட்டிக்கொண்ட கார்பன், இரும்பின் அணு அடுக்கை முறுக்கி இறுக்கிவிடுகிறது. மார்ட்டென்சைட் என்னும் இந்த நிலையில் எஃகு மிகக் கடினம், ஆனால் கீழே விழுந்தால் முனை தெறித்துவிடும். அதனால் 200 டிகிரி சுற்றுவட்டாரத்தில் மறுபடி காய்ச்சிக் கொஞ்சம் பதம் இறக்க வேண்டும். நீலகிரியின் கேத்தியில் 1949 முதல் ஊசித் தொழிற்சாலை இயங்குகிறது. தையல் ஊசிக்கும் இதே இரண்டு படிதான்: கடினமாக்கு, பிறகு இறக்கு. இரண்டாவதை விட்டால் துணியில் குத்தும்போதே ஊசி ஒடியும்.

இங்கே ஒரு அழகான விஷயம் உண்டு. துலக்கிய எஃகைக் காய்ச்சும்போது அதன் மேல் ஆக்சைடு படலம் வளரும். படலம் தடிக்கத் தடிக்க, மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 260-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். உளிக்கு மஞ்சளோடு நிறுத்த வேண்டும். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் உளியை அழுத்திப் பிடித்தால், மெல்லிய முனை இரண்டு மூன்று விநாடியில் நீலத்துக்குப் போய்விடும். பார்க்கக் கூர் இருக்கும், இரண்டாவது அடியில் முனை மடங்கும். நீலம் பட்ட பகுதி முழுவதையும் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே சக்கரத்தில் லேசாகத் தொட்டு, தண்ணீரில் நனைத்து, மறுபடி லேசாகத் தொட வேண்டும்.

கடைக்குப் போனால் பளபளப்பில் மயங்க வேண்டாம். நல்ல உளியின் கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருக்கும். 55-க்குக் கீழே என்றால் முனை மடங்கிக்கொண்டே இருக்கும். அட்டையில் எண் போட்டிருக்கவில்லை என்றால், ஒரு பழைய அரத்தால் முனையை ஒட்டி ஓரத்தில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. அரம் வழுக்கினால் அல்லது சிரமப்பட்டுக் கீறினால் வாங்கலாம். வெண்ணெய் மாதிரி இறங்கினால் வைத்துவிடுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் பட்டறைக்காரர் அடித்துக் கொடுக்கும் உளியையும் இதே சோதனைக்கு உட்படுத்தலாம். பதம் சரியாக இருந்தால் அது விலையுயர்ந்த உளியோடு போட்டி போடும். எல்லாம் அதைக் காய்ச்சி முக்கியெடுத்தவரின் கையைப் பொறுத்தது.

அப்புறம் தட்டைப் பக்கம். கூர் என்பது இரண்டு முகங்கள் சேரும் கோடு. சரிவை மட்டும் எவ்வளவு தீட்டினாலும், மறுமுகத்தில் சாணைக் கீறல் இருந்தால் முனையில் அந்தக் கீறல் பல்லாக நிற்கும். எஃகு அளவுகோலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் லேசான குழிவு இருந்தால் பாதகமில்லை, அது தீட்டும் வேலையைக் குறைக்கும். நடு உப்பியிருந்தால் ஒரு நாள் முழுக்கக் கல்லில் தேய்க்க வேண்டி வரும். ஆறு உளி கொண்ட மலிவுப் பெட்டியைவிட, 12-உம் 25-உம் மில்லிமீட்டரில் இரண்டே இரண்டு நல்ல உளி வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல சாணைக்கல் வாங்குவதே புத்திசாலித்தனம் என்பேன்.

சரிவு 25 டிகிரி, முனையில் மட்டும் 30 டிகிரிக்கு இரண்டாம் சரிவு என்பது பொதுவான கணக்கு. துளை வெட்டும் உளிக்கு 35 வரை போகலாம். தீட்டும்போது மறுபக்கம் விரலில் பிசிறு தட்டினால் அந்த முகம் முனைவரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிசிறை எடுத்தபின் முனையை விளக்கின் நேரே பிடியுங்கள். மழுங்கிய முனையில் வெள்ளைக் கோடு மின்னும், ஏனென்றால் அங்கே ஒளி பட்டுத் திரும்ப ஒரு பரப்பு இருக்கிறது. கூரான முனையில் கோடே தெரியாது.

மலையில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. ஜூன் தொடங்கி மூடுபனி இறங்கும் மாதங்களில் எண்ணெய் தடவாத எஃகு இரண்டே நாளில் துருப்பிடிக்கும். சீகை (வாட்டில்) மரத்தின் பட்டையைத் தோல் பதனிட எடுப்பது அதிலுள்ள டானினுக்காகத்தான். பச்சைச் சீகையையோ கற்பூர மரத்தையோ (யூகலிப்டஸ்) செதுக்கிய உளியைத் துடைக்காமல் போட்டால், டானினும் இரும்பும் சேர்ந்து கருநீலக் கறை ஏறும். அந்தக் கறை அடுத்த பலகையிலும் ஒட்டும். துடைத்து, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தேய்த்து, காற்றோட்டமான பலகையில் மாட்டி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் காற்று வறண்டு மரப்பிடி சுருங்கினால் பூண் தளரும். அப்போது பிடியைத் தட்டி இறுக்கிக்கொண்டால் போதும், தண்ணீரில் ஊறப்போடுபவர்கள் அடுத்த மாதமே பிடியை மாற்றுகிறார்கள்.