இறங்கிய பிறகுதான் சிக்கல்: வால் சக்கர விமானமும் பக்கக் காற்றும்

வாசகர் ஒருவர் ஒரு காணொளியை அனுப்பி விளக்கம் கேட்டிருந்தார். ஒரு சின்ன மஞ்சள் விமானம் பக்கக் காற்றில் பதறாமல் வந்து இறங்குகிறது. ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு உருள்கிறது. வேகம் குறைகிறது. அவ்வளவுதான், இனி பயமில்லை என்று நினைக்கிற நேரத்தில் மூக்கு காற்று வரும் பக்கமாகத் திரும்புகிறது. விமானம் அப்படியே ஒரு சுற்று சுற்றி, வெளிப்பக்க இறக்கையின் நுனி தரையில் உரசி நிற்கிறது. விமானிகள் இதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள். வாசகரின் கேள்வி இதுதான்: "வேகமாகப் போனபோது நேராகப் போன விமானம், மெதுவாகும்போது ஏன் சுற்றியது?"

மிக நல்ல கேள்வி. இதற்கான விடை பள்ளி இயற்பியலுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சக்கரங்களைப் பார்த்துவிடலாம். இன்று பயிற்சிப் பள்ளிகளில் இருக்கும் சிறு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூக்கின் கீழ் ஒரு சக்கரம், இறக்கைகளுக்குக் கீழே இரண்டு முதன்மைச் சக்கரங்கள். எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும். வால் சக்கர விமானத்தில் இது தலைகீழ். முதன்மைச் சக்கரங்கள் முன்னால், எடை மையம் அவற்றுக்குப் பின்னால், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். பைப்பர் கப், செஸ்னா 170 எல்லாம் இந்த வகை. 170-க்கு மூக்குச் சக்கரம் வைத்துத்தான் 1956-இல் செஸ்னா 172 விற்பனைக்கு வந்தது.

எடை மையம் பின்னால் இருந்தால் என்ன ஆகும்? உருளும் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் கொஞ்சம் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் நிறை பழைய திசையிலேயே போகப் பார்க்கும். டயர்கள் பக்கவாட்டில் சறுக்க மறுத்து, தரையின் உராய்வால் இடப்பக்கம் தள்ளப்படும். அந்தத் தள்ளல் எடை மையத்துக்கு முன்னால் விழுவதால் மூக்கை இன்னும் இடப்பக்கம் திருப்பும். திரும்பத் திரும்ப தள்ளலும் கூடும். விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பதைப் போலத்தான் இது. சாய ஆரம்பித்த கணமே கையை நகர்த்தினால் கொஞ்சம் நகர்த்தினால் போதும், அரை நொடி தாமதித்தால் ஓடவேண்டியிருக்கும். மூக்குச் சக்கர விமானத்தில் இதே உராய்வு எடை மையத்துக்குப் பின்னால் விழுகிறது, அதனால் விலகலை அதுவே நேராக்கிவிடும்.

இது சக்கரங்களின் பங்கு. அடுத்தது காற்று. பறந்துகொண்டிருக்கும் விமானத்துக்குச் சீரான பக்கக் காற்று என்ற ஒன்றே தெரியாது. காற்றுத் திரள் முழுவதும் நகர்கிறது, விமானமும் அதோடு சேர்ந்து நகர்கிறது. சக்கரம் தரையைத் தொட்ட நொடியில்தான் பக்கக் காற்று பிறக்கிறது. டயர்கள் விமானத்தைத் தரையோடு பிடித்துக்கொள்ள, காற்று அதன் பக்கவாட்டில் மோதத் தொடங்குகிறது. அப்போது விமானம் முதன்மைச் சக்கரங்களை அச்சாகக் கொண்டு திரும்பப் பார்க்கும். வால் சக்கர விமானத்தில் அந்த அச்சுக்குப் பின்னால்தான் உடலின் பெரும்பகுதியும் வாலின் செங்குத்துத் தகடும் இருக்கின்றன. காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்புகிறது.

சரி, அதைத் தடுக்க விமானியிடம் சுக்கான் இருக்கிறதே? வால் தகட்டின் பின்விளிம்பில் அசையும் பகுதி அது, காலால் மிதித்துத் திருப்புவார். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த இயற்பியல் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு தகட்டின் மேல் காற்று கொடுக்கும் விசை, காற்றின் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதோடு, எந்தக் கோணத்தில் காற்று வந்து படுகிறது என்பதையும் பொறுத்தது. விமானம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் உருள்கிறது, பக்கத்திலிருந்து 15 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் உணரும் காற்று நேர் எதிரிலிருந்து வராது, ஏறக்குறைய 14 டிகிரி சரிவாக வரும். வேகம் 30-ஆகக் குறைந்தால் அந்தச் சரிவு சுமார் 27 டிகிரி. 15-க்கு வந்தால் 45 டிகிரி. விமானம் மெதுவாக ஆக ஆக, அதே காற்று மேலும் மேலும் பக்கவாட்டிலிருந்து வருவதாக வால் உணர்கிறது.

இப்போது வேகம் பாதியாகும்போது நடப்பதைக் கணக்குப் போடுவோம். வர்க்கம் கால் பங்காகிறது, ஆனால் கோணம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கால் பெருக்கல் இரண்டு, அரை. ஆக, மூக்கைத் திருப்பும் காற்றின் விசை பாதியாகிறது. சுக்கானுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் கோணம் விமானி மிதிக்கும் அளவுதான், காற்று அதைக் கூட்டித் தராது. எனவே அதன் விசை கால் பங்காகிவிடுகிறது. எதிராளியின் பலம் பாதி குறையும்போது நம் பலம் முக்கால்வாசி போய்விடுகிறது!

இதையே பெடலின் மொழியில் சொன்னால் இன்னும் தெளிவாகும். 60 கி.மீ. வேகத்தில் விமானத்தை நேராக வைக்க முழு மிதியில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று கொள்வோம். 30-இல் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 20-இல் முழு மிதியும் வேண்டும். அதற்குக் கீழே மிதிக்க ஒன்றும் மீதியில்லை. கால் பெடலின் கடைசி வரை போய் நிற்கிறது, மூக்கு தன்பாட்டுக்குத் திரும்புகிறது. காணொளியில் நடந்தது இதுதான். வேகமாக இருந்தவரை விமானியின் சுக்கான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

சுக்கானை இன்னொன்றும் பலவீனமாக்குகிறது. மேலெழும்பும்போது எஞ்சின் முழு விசையில் இருப்பதால் புரொப்பெல்லர் பின்னோக்கித் தள்ளும் காற்று நேராகச் சுக்கானின் மேல் வீசும். விமானம் நகரத் தொடங்கும் முன்பே சுக்கானுக்கு உயிர் இருக்கும். இறங்கும்போது த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) மூடியிருக்கும், அந்த உதவி கிடையாது. அதனால்தான் அனுபவசாலிகள் மூக்கு அடங்காதபோது எதிர்ப் பெடலை மிதித்தபடி ஒரு நொடி த்ராட்டிலைத் திறந்து மூடுவார்கள். வேகம் கூடிவிடாத அளவுக்குக் குறுகிய ஒரு வீச்சு, சுக்கானுக்கு மட்டும் காற்று.

சுக்கான் ஓய்ந்த பிறகு பொறுப்பை ஏற்பது வால் சக்கரம். பெரும்பாலான சிறு விமானங்களில் அது ஸ்பிரிங்குகள் வழியே பெடலோடு இணைந்திருக்கும், மிதித்தால் திரும்பும். ஆனால் அதற்குப் பிடிப்பு வேண்டும், பிடிப்புக்கு அதன் மேல் எடை வேண்டும். மொத்த எடையில் சிறு பங்குதான் வாலில் நிற்கிறது. ஆகவே விமானியின் கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக்கை வயிற்றோடு ஒட்ட இழுத்துப் பிடிக்கவேண்டும். வாலின் கிடைமட்டத் தகடான எலிவேட்டர் மேலே மடங்கி, எதிர்க்காற்று வாலைக் கீழே அழுத்தும்.

சுக்கான் ஓயும் நேரத்துக்கும் வால் சக்கரம் நன்றாகப் பிடிக்கும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ஆபத்து அங்கேதான். மூன்று சக்கரங்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி இறங்கினால் வால் சக்கரம் முதல் நொடியிலிருந்தே வேலை செய்யும். முன் சக்கரங்களில் மட்டும் இறங்கி வாலைத் தூக்கியபடி ஓடினால், தொடும் தருணத்தில் சுக்கானுக்கு அதிக வேகமும் பலமும் இருக்கும். ஆனால் பிறகு வாலை இறக்கும்போது அந்த இடைவெளியைக் கடந்தாக வேண்டும். எது சிறந்தது என்று விமானிகள் தலைமுறை தலைமுறையாக வாதாடுகிறார்கள். இலகு விமானத்தில், வலுவான பக்கக் காற்றில், மூன்று சக்கர இறக்கமே மேல் என்பது என் கருத்து. தரையைத் தொடும்போது வேகம் குறைவு என்பதே அதற்குப் பெரிய காரணம். சுழன்றுவிட்டாலும் இயக்க ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில்தானே குறையும்.

மேலெழும்பும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. சுழலும் புரொப்பெல்லர் ஒரு கைரோஸ்கோப். பம்பரம்போல, அதன் அச்சை ஒரு திசையில் சாய்த்தால் அது குறுக்குத் திசையில் திரும்பும். வாலைத் தூக்கும்போது அதன் அச்சு சாய்கிறது, மூக்கு பக்கவாட்டில் திரும்பப் பார்க்கிறது. விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றும் எஞ்சின் என்றால் இடப்பக்கம். காற்றும் இடப்பக்கமிருந்து வீசினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

இனி இறக்கை. பைப்பர் ஜே-3 கப் முழு எடையில் சுமார் 550 கிலோ. மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்குச் சற்று மேலேயே பறந்துவிடும். வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கி நிற்கும்போது அதன் இறக்கை ஏறக்குறைய உச்சத் தூக்குவிசைக்கான கோணத்தில் இருக்கிறது. எதிரே 30 கி.மீ. காற்று அடித்தால், பறக்கத் தேவையான வேகத்தில் பாதி. அப்படியானால் கால் பங்குத் தூக்குவிசை, சுமார் 135 கிலோ. எஞ்சின் அணைந்து, சும்மா நிற்கும்போதே இவ்வளவு! காற்று பக்கமாகச் சாய்ந்து வீசினால் காற்றுப் பக்க இறக்கை அதிகம் தூக்கப்படும், அந்தப் பக்கச் சக்கரம் பிடிப்பை இழக்கும்.

அதற்கு மருந்து எய்லரான். இறக்கை நுனிப் பக்கத்தில் பின்விளிம்பில் மடங்கும் தகடு. ஸ்டிக்கைக் காற்று வரும் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்க எய்லரான் மேலே மடங்கி இறக்கையை அமுக்கும். எதிர்ப் பக்க எய்லரான் கீழே மடங்கும். கீழே மடங்கிய எய்லரான் கூடுதல் இழுவையையும் உண்டாக்கும், அந்த இழுவை மூக்கைக் காற்றிலிருந்து விலக்கும் திசையில் இருக்கும். பறக்கும்போது திருப்பங்களைக் கெடுக்கிறது என்று மாணவர்கள் திட்டும் அதே விளைவு, தரையில் சுக்கானுக்கு இலவச உதவியாளாகிவிடுகிறது. எவ்வளவு அழகான திருப்பம்! எய்லரானின் பலமும் வேகத்தின் வர்க்கத்தோடுதான் தேயும். ஆகவே இறங்கிய பிறகு ஸ்டிக்கைக் காற்றுப் பக்கம் மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே போய், நிற்கும்போது முழுச் சாய்வில் இருக்கவேண்டும். கார் ஓட்டிப் பழகியவருக்கு வேகம் குறைந்ததும் கை தளரும். இங்கே வேகம் குறையக் குறையக் கைக்கும் காலுக்கும் வேலை கூடுகிறது.

காற்று பின்னாலிருந்து அடித்தால் எல்லாம் மாறும். 10 கி.மீ. வேகத்தில் உருளும் விமானத்துக்குப் பின்னாலிருந்து 30 கி.மீ. காற்று வந்தால், இறக்கையின் மேல் காற்று 20 கி.மீ. வேகத்தில் பின்விளிம்பிலிருந்து முன்னோக்கி ஓடும். இப்போது எலிவேட்டர் மேலே மடங்கியிருந்தால் காற்று அதன் அடியில் புகுந்து வாலைத் தூக்கிவிடும், புரொப்பெல்லர் தரையில் குத்தும். அதனால் ஸ்டிக்கை முன்னே தள்ளி, காற்று வரும் பக்கத்துக்கு எதிராகச் சாய்க்கவேண்டும். எலிவேட்டரும் காற்றுப் பக்க எய்லரானும் கீழே மடங்க, பின்காற்று அவற்றின் மேற்பரப்பில் பட்டு அமுக்கும். த்ராட்டிலைப் பெரிதாகத் திறந்தால் புரொப்பெல்லர் காற்று முன்னாலிருந்து வந்து இந்த எலிவேட்டர் கணக்கைக் குழப்பும், ஆகவே எஞ்சினை மெதுவாகவே வைத்திருப்பது நல்லது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். ஒருமுறைக்கு மேல் சுழன்ற விமானத்துக்கு "ராசி சரியில்லை" என்ற பெயர் வந்துவிடுகிறது. இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது, ஏனென்றால் காரணத்தைத் தேடுவதை அது நிறுத்திவிடுகிறது. முதன்மைச் சக்கரங்கள் இரண்டும் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருந்தால், திருப்பத்தில் எடை ஏறும் வெளிப்பக்கச் சக்கரம் விமானத்தைத் திருப்பத்துக்குள்ளேயே ஓட்டும். ஒரு அளவு நாடாவால் கண்டுபிடித்துவிடலாம். வால் சக்கரத்தின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரியும்.

ஆரம்ப காலத்தில் இந்தத் தொல்லை குறைவு. விமானத் திடல்கள் நாலாபுறமும் விரிந்த புல்வெளிகள், காற்றுக்கு எதிரே எந்தத் திசையிலும் ஓடலாம். நீண்ட, குறுகிய ஓடுபாதைகள் வந்த பிறகு காற்றின் திசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விட்டது. ஆனாலும் தீர்வை அப்போதே ஒருவர் யோசித்திருக்கிறார். 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய அந்த விமானத்தின் முன் சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்பக்கூடியவை. மூக்கு காற்றைப் பார்த்திருக்க, சக்கரங்கள் தரையின் போக்கில் உருளும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குட்இயர் நிறுவனம் இதே எண்ணத்தில் சக்கரங்களைச் செய்து செஸ்னா 195 போன்றவற்றில் பொருத்தியது. பி-52 குண்டுவீச்சு விமானத்தின் முதன்மைச் சக்கரங்களை இரு பக்கமும் 20 டிகிரி வரை திருப்பி வைக்கலாம், அது பக்கவாட்டில் நடப்பதுபோல இறங்கும்.

சிறு விமானங்களில் இது பரவவில்லை. நல்ல காற்றில் கூட விமானம் ஒரு பக்கம் பார்த்து இன்னொரு பக்கம் போவது பலருக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் மூக்குச் சக்கரம் வந்து சிக்கலையே ஓரங்கட்டிவிட்டது. ஆனால் கரடுமுரடான மண் தளங்களில் புரொப்பெல்லர் உயரமாக இருக்கவும், உடையக்கூடிய மூக்குக் கால் இல்லாதிருக்கவும் வால் சக்கரம் இன்றும் தேவைப்படுகிறது. கிரவுண்ட் லூப்பில் உயிர்ச்சேதம் அரிது, வளைவது இறக்கையும் சக்கரக் காலும்தான். ஆராய்ச்சிப் பணம் உயிர் போகும் விபத்துகளின் பக்கம் முதலில் போவது நியாயம். இருந்தாலும் இன்றைக்குப் பல கைபேசிகளில் ஒரு கைரோ உணரி, அதாவது திரும்பும் வேகத்தை அளக்கும் சில்லு, இருக்கிறது. மூக்கு திரும்பத் தொடங்கிய கணத்தை மனிதக் காலுக்கு முன்பே அது உணரும். அதை வால் சக்கரத்தோடு இணைத்து, விமானியின் மிதியோடு ஒரு சிறு திருத்தத்தைச் சேர்க்கும் அமைப்பை ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் குழு மாதிரி விமானத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். அப்படி யாராவது நிதி கேட்டு வந்தால் கொடுக்கவேண்டும்.